பத்து மணி வரை பேசக்கூடாது

வியாழக்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது. பள்ளிக்கூடச் சுவரில் இருந்த கடிகாரத்தை அப்போதுதான் பார்த்திருந்தேன். பத்து மணி எப்போது ஆகும், எப்போது வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசலாம் என்றிருந்தது எனக்கு.

கொடுமுடிக்குப் பக்கத்துக் கிராமம் அது. மிஷன் நடத்திய சின்னப் பள்ளிக்கூடத்தில், மே மாத விடுமுறையில், கல்லூரிப் பிள்ளைகளுக்கு வேதபாட முகாம். கோயமுத்தூரிலிருந்து நாங்கள் ஒரு கூட்டமாக ரயிலேறி, ஈரோட்டில் மாறி, கொடுமுடியில் இறங்கி மாட்டுவண்டியில் போயிருந்தோம். என் மகள் ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தாள். அவள் போகவேண்டும் என்று நின்றாள். “வேதம் படிக்கறதுக்கு ஊரை விட்டு ஏன் போகணும்? நம்ம கோயில்ல இருக்கறது வேதம் இல்லையா?” என்றார் அவள் அப்பா. கடைசியில், நீயும் கூடப் போவதானால் போகட்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டார். நானும் மிஷன் பெண்கள் பள்ளியில் ஆசிரியைதான். ஆனால் அந்த முகாமுக்கு நான் போனது படிக்க அல்ல, காவலுக்கு. பெட்டியில் வேதப்புத்தகத்தைவிடப் பெரிய பொட்டலமாகச் சுக்கும் சீரகமும் காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரையும் வைத்திருந்தேன்.

முகாமை நடத்தியவர் ஒரு இளம் விரிவுரையாளர். கதர் கட்டுவார். எல்லோரும் அவரை அண்ணன் என்று கூப்பிட்டார்கள். மூத்தவளான நானும் இரண்டாம் நாள் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவர் வைத்திருந்த முறைகள் புதுசு. சமையல், பெருக்குதல், கக்கூஸ் கழுவுதல் எல்லாவற்றுக்கும் சீட்டுப் போட்டு ஆள் எடுப்பார். காலை எழுந்ததிலிருந்து பத்து மணி வரை மௌன வேளை, ஒருவரும் பேசக்கூடாது. சமையல்காரிக்கு உப்பு வேண்டுமானால் சிலேட்டில் எழுதிக் காட்டவேண்டும். பத்து மணிக்கு மணி அடித்ததும் ஒரு வேதபாகம். அதைப் படித்து முடித்ததும் ஒரே கேள்விதான் கேட்பார்: “இது இந்த ஊர்ல எங்கே நடக்குது?” சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அதைத் தேடிக்கொண்டு போகவேண்டும்.

புதன்கிழமை படித்தது உபவாசத்தைப் பற்றியது. சாக்கை உடுத்திக்கொண்டு தலையைத் தொங்கவிடுவதா உபவாசம், கட்டிவைத்தவனை அவிழ்த்துவிடுவதல்லவா என்று தீர்க்கதரிசி கேட்கிற இடம். வழக்கமான கேள்வி வந்தது. சாயங்காலம் ஊருக்குத் தெற்கே இருந்த சேரிக்குப் போனோம். அங்கே ஒருவர், பண்ணையில் கவலை இறைக்கிறவர், அதாவது மாடுகளை ஓட்டித் தோல்பையில் கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவருகிறவர், இருந்தார். எங்களோடு உட்கார்ந்து வெகுநேரம் பேசினார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வாருங்கள் என்று அண்ணன் அழைத்தார். சேரி ஆட்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவதானால் வாய்க்கால் மேட்டைச் சுற்றித்தான் வருவார்கள். பெரிய வீதியில் வந்தாலும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்கவேண்டும். அண்ணன் நேராக வீதி வழியே நடந்தார். அந்த மனிதர் வீதி முனையில் நின்று குனிந்தார்.

“போட்டுக்கிட்டே வாங்க” என்றார் அண்ணன். “நாங்க இத்தனை பேர் இருக்கறோமில்ல.”

அவர் போட்டுக்கொண்டே வந்தார். எங்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டார். என் மகள்தான் பரிமாறினாள். ஊர் ஆட்கள் யாராவது வருகிறார்களா என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி அந்த எட்டு மணி பத்து நிமிஷம்.

ஊர்ப் பெரிய பண்ணையக்காரரைச் சேரியில் பண்ணாடி என்று சொல்வார்கள். ஊரில் வரி வசூலிக்கிற மணியக்காரரும் அவரே. ஆகையால் சாவடி அவர் கையில், சாவடிச் சாவி அவர் இடுப்பில். அவருடைய பண்ணையத்தைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் இரண்டு ஆட்களோடு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, மரியாதையாகத்தான் கேட்டார்.

“ஏனுங்க, நேத்துச் சாயந்தரம் ஒருத்தன் செருப்போட வீதியில வந்தானுங்களாமே. அவனா வந்தானுங்களா, இல்லை நீங்க கூட்டிட்டு வந்தீங்களா? பண்ணாடி கேட்டுட்டு வரச்சொன்னாருங்க.”

நாங்கள்தான் கூட்டிவந்தோம் என்று ஒரு வார்த்தை போதும். அப்படிச் சொல்லியிருந்தால் வழக்கு பண்ணாடிக்கும் மிஷனுக்கும் இடையில் போயிருக்கும். பள்ளிக்கூட மனை பண்ணாடியின் பாட்டனார் கொடுத்தது. ஏதோ சமாதானம் பேசி முடிந்திருக்கும். அந்த ஏழை மனிதரின் பேரே வந்திருக்காது. காரியக்காரர் கேட்ட விதத்திலேயே அந்த வழியைத் திறந்துவைத்திருந்தார்.

முற்றத்தில் அத்தனை பேரும் நின்றோம். மௌன வேளை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அண்ணன் கையைக் காட்டி, சற்றுப் பொறுங்கள் என்று சைகை செய்தார். சமையலறைக்கு ஓடிச் சிலேட்டை எடுத்துவந்து, பத்து மணிக்குப் பேசுவோம் என்று எழுதிக் காரியக்காரர் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

காரியக்காரருக்கு எழுத்துத் தெரியாது.

சிலேட்டைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். கூட வந்த ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அது போதும்.

“எனக்கென்னங்க பள்ளிக்கூடம் நடத்தறீங்க? வாய் இருக்குதில்ல? கூட்டிட்டு வந்தீங்களா இல்லையா?”

மறுபடியும் சிலேட்டு. வேண்டுமென்று செய்யவில்லை. பக்தியுள்ள பிள்ளைகள் அவர்கள். கடவுளுக்கு முன் ஏற்றுக்கொண்ட விரதத்தை ஒரு காரியக்காரருக்காக முறிப்பதா என்று நினைத்தார்கள். இப்படி ஒரு தப்பு வேறு யாரும் செய்யமாட்டார்கள். திருடன்கூட வாயைத் திறந்து பொய்யாவது சொல்லியிருப்பான்.

“சரிங்க. அப்ப அவனாத்தான் வந்திருக்கறான்” என்று சொல்லிவிட்டுக் காரியக்காரர் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் வேலிக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அந்த மனிதரைச் சாவடிக்கு நடத்திக்கொண்டு போனார்கள். அவருடைய செருப்பு இரண்டும் அவர் தலைமேல் இருந்தன. விழாமல் இருக்க அவரே ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். யாராவது ஒருவர் ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தார்.

“நாங்கதான் கூட்டிட்டு வந்தோமுங்க.”

என் மகள் குரல். அவள் கத்தவில்லை, விடிந்ததிலிருந்து எங்களில் ஒருவர் குரலும் கேட்காத இடம் ஆனதால் அது அப்படிக் கேட்டது. ஆட்கள் நிற்காமல் போனார்கள். அவள் கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு அவர்கள் பின்னால் நடந்தாள். ஈரக் கையோடு நான் அவள் பின்னால் ஓடினேன்.

சாவடி வீதி நடுவில் இருந்தது. வரி கட்டாதவன் மாட்டைப் பூட்டிவைக்கிற அறை ஒன்று அதில் உண்டு. நாங்கள் போய்ச் சேருமுன் அவரை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டார்கள். பண்ணாடி எதிரே வேப்பமர நிழலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். வயசானவர், மெலிந்த உடம்பு, குரலே எழும்பாத பேச்சு. என் மகள் அவர் முன்னால் போய் நின்று அதையே மறுபடி சொன்னாள்.

“எட்டு மணிக்குக் கேக்கச் சொன்னேன் அம்மணி. அப்ப வாய் இல்லைன்னாங்க. இப்ப எப்படி முளைச்சுது?”

“மௌன விரதமுங்க.”

“விரதமா? நாங்களும் ஒருசந்தி இருக்கறவங்கதான். சோத்தை விட்டுப்போட்டு இருப்போம். பேச்சை விட்டுப்போட்டு ஒரு விரதம், அதும் அடுத்தவன் மாட்டிக்கற நேரமாப் பாத்து. நெம்ப நல்ல விரதமுங்க அது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பேச்சில் தப்பு எங்கே இருக்கிறது என்று இன்றுவரை தேடுகிறேன்.

“தப்பு எங்களுதுங்க” என்றாள் என் மகள். “எங்களைப் பூட்டி வையுங்க. அவரை விட்டுடுங்க.”

“படிச்ச புள்ளைகளைப் பூட்டறதுக்கா சாவடி கட்டுனாங்க? ஈரோட்டுல இருந்து உங்க பெரிய போதகர் வரட்டும். இந்தக் கூத்தை இன்னையோட நிறுத்திப்போட்டேன்னு என்ற முன்னால சொல்லட்டும். உள்ளே இருக்கறவனை என்ன பண்ணணும்னு அதுக்குப் பொறவு நான் பாத்துக்கறேன். உங்களுக்கு அதுல சோலியில்லை.”

என் மகள் சாவடிப் படியில், பூட்டிய கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் கொடுமுடிக்குச் சைக்கிளில் ஆள் அனுப்பிப் போதகருக்குத் தந்தி கொடுத்தார். முகாமே வீதிக்கு வந்து சேர்ந்தது. பத்து மணிக்கு, வீதிப் புழுதியில் உட்கார்ந்து, அண்ணன் வேதத்தைத் திறந்தார். புதிய பாகம் எடுக்கவில்லை. முந்தின நாள் பாகத்தையே மறுபடி படித்தார். கட்டிவைத்தவனை அவிழ்ப்பதைப் பற்றி வந்த இடத்தை இரண்டு தரம் படித்தார். “இது இந்த ஊர்ல எங்கே நடக்குது?” என்று அன்று அவர் கேட்கவில்லை.

வெயில் ஏறியது. நான் போய் மகளின் பக்கத்தில் குனிந்தேன்.

“கண்ணு, எந்திரி. பெரியவங்க வந்து பேசிக்குவாங்க. முகமெல்லாம் கறுத்துப்போச்சு பாரு.”

“நீங்க நிழலுக்குப் போங்கம்மா.”

“உன்னை இப்படி வீதியில உக்காத்தி வச்சுட்டு நான் உங்கப்பாவுக்கு என்ன பதில் சொல்லுவேன்?”

“வேதம் படிக்கறோம்னு சொல்லுங்க.”

“படிக்கறதெல்லாம் செய்யணும்னா உலகத்துல ஒருத்தரும் இருக்க முடியாது.”

“அப்ப பள்ளிக்கூடத்துல புள்ளைகளுக்கு ஏம்மா அதை மனப்பாடம் பண்ணச் சொல்றீங்க? சொல்லாட்டி முட்டி போட வேற வைக்கறீங்க.”

கதவுக்கு உள்ளே இருந்து அந்த மனிதர் மெதுவாகச் சொன்னார்: “அம்மணி, அம்மா சொல்றதைக் கேளுங்க. வெயில் ஆகாதுங்க.” பூட்டிக் கிடக்கிறவர் வெளியே இருக்கிறவளுக்குச் சொல்கிறார். நான் நிழலுக்கே திரும்பிப் போனேன். என் மகள் அந்தப் படியிலிருந்து முழு உடம்பாக எழுந்து வந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று ஜெபித்தேன். ஜெபம் முழுக்க அவள் பேர்தான் இருந்தது. உள்ளே இருந்தவருடைய பேர் அதில் இல்லை. அது எனக்குத் தெரியவும் தெரியாது.

மத்தியான ரயிலில் பெரிய போதகர் வரவில்லை. தமக்குக் கீழே ஊழியம் பார்க்கும் ஒரு உபதேசியாரை அனுப்பியிருந்தார். கறுப்புக் குடை, வெள்ளைக் கோட்டு, கழுத்தெல்லாம் வேர்வை. பண்ணாடிக்குக் கும்பிடு போட்டுவிட்டு எங்களிடம் வந்தார். ஐயர் என்று நாங்கள் சொல்லும் பெரிய போதகர் சொல்லியனுப்பியது இது: முகாமை இன்றே கலைக்கவேண்டும், அண்ணன் மன்னிப்புக் கேட்கவேண்டும், பெண்பிள்ளைகள் சாயங்கால வண்டிக்கே வீடு திரும்பவேண்டும். காலையிலிருந்து நான் வேண்டிக்கொண்டது அதேதான், வார்த்தை பிசகாமல். எழுந்து மகளின் ஜமுக்காளத்தைச் சுருட்டப் போக இருந்தேன்.

“உள்ளே இருக்கறவரு?” என்று அண்ணன் கேட்டார்.

உபதேசியார் குடையைக் கை மாற்றினார். “அவன் நம்ம சபையைச் சேந்தவனா?”

“இல்லை.”

“அப்புறம் என்ன தம்பி?”

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எங்கள் கோயமுத்தூர்க் கோயிலில் முன்னால் பெஞ்சு, பின்னால் பாய். பாயில் யார் உட்காருவது என்று எழுதிவைத்திருக்கவில்லை. எழுதாமலே இருபது வருஷமாக யாரும் மாறி உட்கார்ந்ததில்லை. சபையைச் சேர்ந்த சேரிக்காரனுக்கே பாய்தான். சேராதவனுக்கு மாட்டுக் கொட்டடியா? அந்த “அப்புறம் என்ன” எத்தனை பழைய வார்த்தை என்று அன்றுதான் என் காதுக்குக் கேட்டது.

“உபதேசியாரே” என்றேன். “நீங்க குடை பிடிச்சுக்கிட்டு இங்கேயே நில்லுங்க. உங்களுக்கு வெயில் ஆகாது. நான் என் மகள்கிட்டப் போறேன்.”

“டீச்சரம்மா, நீங்களாவது புத்தி சொல்லுவீங்கன்னு ஐயர் நினைச்சாரு.”

“காலையில இருந்து அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். இப்ப நிறுத்திட்டேன்னு ஐயர்கிட்டச் சொல்லுங்க.”

படியில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல் சுட்டது. அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

ஒரு தாய் செய்கிற காரியமா என்று அப்போது கேட்டார்கள். எங்கள் தெருவில் இன்னும் கேட்கிறார்கள். வயசுப்பெண்ணை அடுத்த ஊர்ச் சாவடியில் உட்காரவைத்தவள் என்று ஈரோட்டில் ஒரு நல்ல இடம் கைவிட்டுப்போனது. போகட்டும். அடுத்த வருஷம் அந்தப் பள்ளிக்கூடம் முகாமுக்குக் கிடைக்கவில்லை. வேறு ஊரில் நடத்தினோம். நடத்தினோம் என்றுதான் எழுதுகிறேன். சுக்குப் பொட்டலமும் எடுத்துக்கொண்டுதான் போனேன். பயம் இல்லாமல் போனேன் என்று சொன்னால் அது பொய். பயம் போகிறவரை காத்திருந்தால் கிழவியாகி இருப்பேன்.

அன்று சாவடியில், போதகர் வராததில் பண்ணாடிக்கு முகம் மாறிவிட்டது. உபதேசியாரை அனுப்பியதை அவமானமாக எடுத்துக்கொண்டார். கதவைத் திறந்து உள்ளே இருந்தவரைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கே கொண்டுபோனால் எங்கள் கண்ணில் படாது. என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

காரியக்காரர் வந்து, “ஏந்திருங்கம்மா” என்றார்.

நாங்கள் எழவில்லை. ஒரு ஆள் என் மகளின் முழங்கையைப் பிடித்துத் தூக்கினான். அவள் கதவு நாதாங்கியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி வளையல் உடைந்தது. மணிக்கட்டிலிருந்து ரத்தம் புறங்கை வழியாக வழிந்து நாதாங்கி இரும்பில் சொட்டியது. ரத்தத்தைப் பார்த்ததும் அவன் கையை விட்டுவிட்டான். அண்ணனும் பிள்ளைகளும் எழுந்து ஓடிவந்தார்கள். கோல் பிடித்த ஆட்கள் அவர்களுக்குக் குறுக்கே வந்தார்கள். கட்டுப் போட முந்தானையைக் கிழிக்கப் பார்த்தேன். கிழிபடவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். அந்தத் துணி கிழிந்த சத்தம் இதை எழுதும்போதும் கேட்கிறது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் மறுபடி எடுத்தேன்.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள்.

மஞ்சள் நடவுக்காலம் அது. சேரிப் பெண்கள் காலையிலிருந்து பண்ணைக் காட்டில் விதைமஞ்சள் ஊன்றிக்கொண்டிருந்தவர்கள். வேலை முடிந்து வாய்க்கால் மேட்டைச் சுற்றி வீட்டுக்குப் போகவேண்டியவர்கள், பெரிய வீதி வழியாக வந்தார்கள். சேறு காய்ந்த கால்கள், இடுப்பில் கூடைகள். யாரும் ஓடவில்லை, சத்தம் போடவில்லை. வீட்டு வாசல்களில் நின்றவர்கள் அவர்களைப் பார்த்தபடியே நின்றார்கள். திட்டக்கூட மறந்துவிட்டார்கள் போலிருந்தது. முன்னால் வந்தவள் உள்ளே இருந்தவரின் மனைவி. கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பண்ணாடியைக் கும்பிட்டாள்.

“பண்ணாடி, என்ற ஊட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போலாம்னு வந்திருக்கறமுங்க.”

“அவனுக்கு இன்னும் பேச்சு முடியலை. நீ போ.”

“போறமுங்க. அவரு வந்ததும் போறமுங்க. பாத்தியில தண்ணி கட்டி நிக்குதுங்க, விதைமஞ்சள் பாதிக்கு மேல அப்படியே குவிஞ்சு கெடக்குதுங்க. நாளைக்கு நடறதுக்கு ஆளு வேணுமுங்கல்ல. நாங்க இங்கயே உக்காந்திருந்தா காட்டுக்கு யாருங்க போறது?”

ஒவ்வொரு பேச்சிலும் அத்தனை “ங்க”. அத்தனை பணிவாக ஒருவர் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. பின்னால் வந்த பெண்கள் கூடைகளை வரிசையாக இறக்கினார்கள்.

பண்ணாடி இறக்கிவைத்த கூடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் காரியக்காரர் பக்கமாக எறிந்தார். “தொறந்துபோடு. இன்னொருக்கா ஆச்சுன்னா அப்பத் தெரியும்.”

உள்ளே இருந்தவர் வெளியே வந்து வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினார். செருப்பைத் தேடி எடுத்து வந்தது அவருடைய மனைவி. கையில் கொடுக்கவில்லை, காலடியில் போட்டாள். அவர் போட்டுக்கொண்டார். காரியக்காரர் அந்தப் பக்கம் திரும்பி எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் படிக்கு வந்தாள். என் மகளின் கட்டுப்போட்ட கையைத் திருப்பிப் பார்த்தாள். மஞ்சள் படிந்த விரல்கள். பிறகு என்னையும், என் பின்னால் நின்ற அண்ணனையும், வேதப் புத்தகத்தோடு நின்ற அத்தனை பிள்ளைகளையும் ஒரு பார்வை பார்த்தாள்.

“டீச்சரம்மா, இனிமேல் பேசாத விரதம் இருக்கறதா இருந்தா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு இருங்க” என்றாள். “அந்த நேரத்துக்கு நாங்க பேசிக்கறமுங்க.”